கிழமையை வெட்டிய எழுத்தக்கா

அந்தக் கடைவீதியில் யாருக்காவது எழுத்து வேண்டுமென்றால் எழுத்தக்காவிடம்தான் வர வேண்டும். எழுத்து என்றதும் கதை, கட்டுரை என்று எங்கேயோ போய்விட வேண்டாம். ஸ்டிக்கர் எழுத்து. கண்ணாடிக் கதவில் 'தள்ளு', அதற்கு மறுபக்கம் 'இழு', கேட்டில் 'வண்டி நிறுத்தாதீர்', ஆபீஸ் அறையில் 'அனுமதி பெற்று உள்ளே வரவும்' எல்லாம் அவள் கையால் பிறந்தவை. ஊரில் பாதிப் பேர் அவள் சொன்னபடிதான் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். வீட்டில் மட்டும் அந்த அதிகாரம் செல்லுபடியாகவில்லை.

வேலை பார்வைக்குச் சுலபம்போல இருக்கும். ஸ்டிக்கர் ரோலை மெஷினில் கொடுத்தால் அது எழுத்தின் ஓரத்தை அறுத்துக் கொடுத்துவிடும். அதற்குமேல் எல்லாம் கைவேலைதான். 'ழ'வின் வயிற்றுக்குள் இருக்கிற வேண்டாத துண்டு, 'ண'வின் சுழிக்குள் மாட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய ரோதனை மெய்யெழுத்தின் புள்ளி. ஒட்ட வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது ஒட்டும். அக்காவின் முழங்கையில், மூக்கு நுனியில், சோற்றுத் தட்டின் அடியில் என்று எங்கே பார்த்தாலும் ஒரு புள்ளி இருக்கும். தபால்காரர் ஒருமுறை வெகு மரியாதையாக, "அக்கா, உங்க கன்னத்துல யாரோட புள்ளியோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூலி எழுத்துக் கணக்கில். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் சுருக்கத்தான் பார்ப்பார்கள். அவர்களைவிட அக்காவுக்குத்தான் சுருக்குவதில் ஆசை அதிகம். ஊசி பிடிக்கிற கை அவளுடையது அல்லவா. 'திங்கட்கிழமை விடுமுறை' என்று கேட்டு வருகிறவரை 'திங்கள் விடுமுறை' ஆக்கித்தான் வெளியே விடுவாள். கிழமை என்று போடாவிட்டால் மட்டும் வாடிக்கையாளர் வந்து கடையைத் திறக்கச் சொல்லப் போகிறார்களா என்று கேட்பாள். முடிவெட்டும் கடை, பூட்டுக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை என்று அந்த வட்டாரத்தில் எத்தனையோ கதவுகள் திங்களன்று சாத்திக் கிடந்தன. 'திங்கள் விடுமுறை' என்பதை முன்கூட்டியே வெட்டி மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு அடுக்கி வைத்திருந்தாள்.

இவ்வளவு எழுத்தை வெட்டியவளுக்கு எழுதவும் ஆசை இருந்தது. சாதாரண ஆசை இல்லை, கொள்ளை ஆசை. ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சுகிற வழவழப்பான தாளின் பின்பக்கம், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், உட்கார்ந்து எழுதுவாள். அந்தத் தாளில் மை லேசில் காயாது. எழுதிவிட்டு விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கதை எழுதுகிறாள் என்பது தெரியாத பக்கத்துக் கடைக்காரர், அக்காவுக்கு உடம்பில் சூடு அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நூலகத்தின் மாடியில் ஓர் எழுத்து வட்டம் இருந்தது. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், வருடத்துக்கு ஒரு தொகுப்புப் புத்தகம் போடுவார்கள். வட்டத்துக்குப் பதாகை எழுத்து வெட்டித் தருவது அக்காதான், அதுவும் இலவசமாக. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து பதாகை கட்டுவாள். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தங்கள் கதைகளை வாசிப்பதைக் கேட்பாள். கூட்டம் முடிந்ததும் பதாகையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற இடத்தில், 'பதாகை: எழுத்தக்கா' என்று வரும். அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும். தான் எழுதிய ஒன்றை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு எதையும் அவள் அந்த அளவுக்கு விரும்பியது கிடையாது.

முயற்சி செய்யாமலும் இல்லை. அதுவரை மூன்று கதைகள் கொடுத்துப் பார்த்திருந்தாள். வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வரி அதிகாரி. ஒருவரையும் நோகடிக்காத மனுஷன். மூன்றையும் திருப்பிக் கொடுத்தபோது, நடை நன்றாக இருக்கிறது என்றும், அடுத்த கூட்டத்துக்குப் பதாகை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் தேவலை என்றும் சொன்னார்.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லாரி ஓட்டுகிறவர். திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பினால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதுதான் வருவார். அவர் படிக்கிற எழுத்தெல்லாம் சாலையோரப் பலகைதான். நல்ல மனிதர், ஆனால் பேச்சு மட்டும் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் வரும். போகிற வழியில் போன் செய்து, "சாப்டியா?" என்பார். "சாப்டேன். நீங்க?" என்பாள். "ஆச்சு" என்பார். அதற்குமேல் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் கேட்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவளுக்கு அங்கே ஹாரன் சத்தம், அவருக்கு இங்கே மெஷின் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து வாரம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, அதனால் நடுவில் வருகிற நாட்களில் வீடு ரொம்பவே அமைதியாக இருக்கும்.

அந்த வருடத் தொகுப்புக்கு அறிவிப்பு வைக்க வேண்டும் என்று தலைவர் போன் செய்தார். தலைவருக்குத் தனித்தமிழ் பித்து உண்டு. நிலா என்கிற சொல் குழந்தைகள் வாயில் புரண்டு தேய்ந்து போய்விட்டது என்பது அவர் கட்சி. அதனால் நீளமாக என்னவோ ஆரம்பித்தார். அக்காவுக்குப் பழக்க தோஷம், போர்டு சின்னது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று இடைமறித்தாள். தலைவர், அப்படியானால் 'சிறுகதைப் போட்டி, பொருள்: திங்கள், ஒரு பக்கத்துக்கு மிகாமல்' என்று மட்டும் போட்டால் போதும் என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு 'திங்கள் விடுமுறை'யை எடுத்து, விடுமுறையை வெட்டி எறிந்துவிட்டு, திங்களை மட்டும் போர்டில் ஒட்டினாள். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள்.

ஒட்டிவிட்டுப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்தத் தலைப்பு நெஞ்சில் தைத்தது. திங்களைப் பற்றிக் கதை. யாருக்குத் தெரியும் திங்களைப் பற்றி, அவளை விட்டால்?

அன்றே எழுத உட்கார்ந்தாள். முன்னே எழுதிய மூன்று கதைகளிலும் மழை, ராஜகுமாரன், துரோகம் என்று என்னென்னவோ இருந்தன. இதில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் எப்படிப் போகிறது என்பதுதான் கதை. திங்களில் தொடங்கி ஞாயிறு வரைக்கும். எழுதி முடித்து டைப் அடித்துப் பார்த்தால் ஒரு பக்கத்தைத் தாண்டி ஆறு வரி வழிந்தது. இந்த மாதிரிச் சிக்கலில் அவளுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கதை முழுக்க இருந்த கிழமைகளை ஒன்றுவிடாமல் வெட்டினாள். திங்கட்கிழமை திங்கள் ஆயிற்று, செவ்வாய்க்கிழமை செவ்வாய் ஆயிற்று, வெள்ளிக்கிழமை வெள்ளி ஆயிற்று. அப்படியும் ஒரு வரி தொங்கியது. அதற்கு வேறு ஒரு பத்தியையே தூக்கினாள். கதை ஒரே பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பத்து நாள் போலக் கழிந்து, ஒரு சாயங்காலம், தலைவர் கடைக்கே வந்துவிட்டார். கூடவே இயற்பியல் டீச்சர். வட்டத்தில் கதைகளைப் படித்துச் சரிபார்க்கும் பொறுப்பு அவருடையது. தலைவர் ஒரு நாளும் கடைக்கு வந்தவரில்லை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரே ஸ்டூலை இருவருக்கும் நடுவில் போட்டாள். கதை தேர்வாகிவிட்டது, புத்தகத்தின் முதல் கதையே அதுதான் என்று தலைவர் சொன்னார். வந்த கதைகளில் பாதியில் காதலர்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார்களாம். பல் டாக்டர் ஒருவர், வானத்தில் தெரிவது ஒரு கடைவாய்ப் பல் என்றும் அதில் இருக்கும் பள்ளங்கள் எல்லாம் சொத்தை என்றும் எழுதியிருந்தாராம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் அங்கேயும் போய்ப் பாலிசி பிடித்திருந்தாராம். அக்காவின் கதை ஒன்றுதான் உண்மையிலேயே அங்கே போய் இறங்கியது என்று தலைவர் நெகிழ்ந்தார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பல் டாக்டர் எதற்காகப் பல்லைக் கொண்டுபோய் திங்கட்கிழமையில் வைத்தார் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போது டீச்சர் தாளை விரித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் அக்கா. திங்கள்ல இறங்கினதும் உடம்பு ரெண்டு மடங்கு கனக்குதுன்னு எழுதியிருக்கீங்க. நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதானே?"

"நிலாவுலயா?" என்றாள் அக்கா.

அந்த ஒரு கேள்வியில் அவள் தலையெழுத்தே தொங்கியது. நல்லவேளையோ கெட்டவேளையோ, தலைவர் அவளைப் பதில் சொல்ல விடவில்லை. உடம்பு என்றால் உடம்பா, அது மனதின் பாரம் அல்லவா, அறிவியலைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார் என்று அவரே விளக்கினார். டீச்சருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. 'செவ்வாயை எட்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்' என்று இருக்கிறது, செவ்வாயில் மனிதர்கள் சுவாசிக்க முடியாதே? தலைவர், கதை வெகு தூரத்து எதிர்காலத்தில் நடக்கிறது என்றார். வியாழனிலிருந்து வெள்ளிக்குப் போகிறார்களே, எந்த விண்கலம் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் போகும்? மனக்கலம் போகும் என்றார் தலைவர். 'சனியைச் சுற்றிலும் கொடி கொடியாகத் துணி காயும்' என்ற வரிக்கு வந்தபோது டீச்சரே அடங்கிவிட்டார். சனியின் வளையங்களை இப்படி வேறு யாருமே பார்த்தது இல்லை என்று சொல்லித் தாளை மடித்தார்.

அக்கா திருதிருவென்று விழித்தாள். சனிக்கிழமை அவள் வீட்டைச் சுற்றிலும் துணிதான் காயும். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து போடுகிற ஒரு வாரத்து அழுக்குத் துணி.

விஷயம் அவளுக்கு இப்போது முழுசாக விளங்கிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். முதல் கதை என்ற பேச்சும் போகும், தலைவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிடுவார், அவள் மறுபடி கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டியதுதான். வாயைத் திறந்தாள். "டீ சொல்லட்டுங்களா?" என்று வந்தது. அவர்கள் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கதையை அவளே வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே கவலை. யாராவது கேள்வி கேட்டால் என்ன சொல்வது? நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போய், படம் போட்ட விண்வெளிப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தாள். யாருக்கு என்று நூலகர் கேட்டதற்கு, கடைக்கு என்றாள். வியாழன் பெரிய கோள் என்று அதில் போட்டிருந்தது. 'வியாழன் பெரிது, கடக்கக் கடக்கத் தீராது' என்று தான் எழுதியிருந்தது எப்படியோ சரியாகத்தான் இருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதியானாள். ஒரு நாள் சாயங்காலம் வெயில் தாழும் முன்பே, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிலா வெளிறிப்போய் நின்றது. நிலாவுக்கும் அவளுக்கும் அதுவரை பேச்சுவார்த்தை இருந்ததில்லை. புருஷன் ஊரில் இல்லாதபோது நிலாவைப் பார்த்து ஏங்குவது கதைகளில் வருகிற பெண்களுக்குச் சரி, இவளுக்கு அந்த நேரத்தில் புள்ளி பொறுக்குகிற வேலை இருந்தது. இப்போது ஊசியை வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழகாத சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்ததுபோல அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த வீட்டுக்காரரிடம் கதை தேர்வான செய்தியைச் சொன்னாள். என்ன கதை என்று கேட்டார். நிலாக் கதை என்று சொல்லிவிட்டாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"அங்க லோடு போகுதா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க."

"ரோடு போட்டா போகும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வராமல் இருந்தால் நல்லது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. ஆனால் புதுப் பதாகை பெரியது, ஏணி இல்லாமல் கட்ட முடியாது, ஏணி தூக்க ஆள் வேண்டும். தூக்கிக்கொண்டு வந்தார். பதாகை கட்டி முடித்ததும், நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று அவள் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாள். அவரோ மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டார். ஏணியைச் சுவரில் சாய்த்து, கடைசி வரிசையில், அவள் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தார்.

தலைவர் அறிமுகம் செய்தார். நம் எழுத்தக்கா இன்று எழுத்தாளர் ஆகிறார் என்றார். கை தட்டினார்கள். அக்கா முன்னே வந்து மைக்கைப் பிடித்தாள். வாசிக்க ஆரம்பித்தாள். நாலு பேர் இல்லை, நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்து அவள் எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட இருமவில்லை. அந்தச் சுகம் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ முறை கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். கற்பனையைவிட நன்றாகவே இருந்தது.

"ஞாயிறுக்கும் திங்களுக்கும் நடுவில் ஓர் இரவுதான் தூரம்" என்று வாசித்தாள். முன்வரிசையில் யாரோ 'ஆகா' என்றார். அடுத்த பத்திக்கு வந்தாள்.

"திங்களில் மட்டும் கண்ணைத் திறக்கக் கூடாது. இருட்டில் அவர் சட்டை மாட்டுகிற சத்தம் கேட்கும். சாவியைச் சத்தம் வராமல் எடுப்பதாக நினைத்துக் கீழே போடுவார். அப்போதும் திறக்கக் கூடாது. கண்ணைத் திறந்தால், போகாதீர்கள் என்று வாய் சொல்லிவிடும். கதவு சாத்தியபிறகு திறந்துகொள்ளலாம். அப்போது பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது."

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா தலையைத் தூக்கினாள். வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சபை, கூட்டம், ஒலிபெருக்கி எதுவும் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக் கூடத்தில் நின்று கேட்பதுபோல அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நீ தூங்கலையா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தலைவர் நல்ல மனதோடு குறுக்கே வந்தார்.

"ஐயா, இது விண்வெளிக் கதை. நீண்ட பயணத்துல பயணிகளை உறைதூக்கத்துல வச்சிருப்பாங்க. அம்மா அதைத்தான் குறிப்பால சொல்றாங்க. உக்காந்து கேளுங்க, போகப் போகப் புரியும்."

வீட்டுக்காரர் முகம் சிறுத்துவிட்டது. தெரியாத இடத்தில் வாய் கொடுத்துவிட்டோமே என்று அசடு வழிய நாற்காலியைத் தடவினார். உட்காரப் போனார்.

அக்கா தாளைப் பிடித்தபடி நின்றாள். அப்படியே அடுத்த வரியை வாசித்துவிட்டால் போதும். கதை நிலாவிலேயே இருக்கும், அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பாள். வீட்டுக்காரரும், அவள் அயர்ந்து தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நாளைக் காலையும் சத்தம் போடாமல் சட்டை மாட்டிக்கொண்டு போவார். இத்தனை வருஷமாக அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று விளக்குகூடப் போடாமல் இருட்டில் தடவுகிற மனுஷன் அவர். ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவரை அசடாக்கி உட்கார வைத்துவிட்டு எழுத்தாளர் ஆவதா? அவளுக்கு அழுகையாக வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

"இல்லைங்க, தூங்கல" என்றாள். ஒலிபெருக்கி அதைச் சபை முழுக்க எடுத்துப் போட்டது. "ஒரு திங்கட்கிழமைகூட நான் தூங்கினது இல்ல."

கிழமை என்ற சொல் சபையில் விழுந்தது. முதலில் விழித்துக்கொண்டது டீச்சர்தான். கையிலிருந்த பிரதியில் விரலை ஓட்டினார். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி என்று அவர் உதடு முணுமுணுத்தது. விரல் சனியில் வந்து நின்றது.

"சார்," என்றார் தலைவரைப் பார்த்து, "வளையம் இல்ல சார். நெசமாவே துணிதான்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றும் சொல்ல முடியாது, விவாதம் என்றும் சொல்ல முடியாது. எழுதியவருக்கே தான் எழுதியது என்னவென்று தெரியாது, ஆகவே அது விண்வெளிக் கதைதான் என்று பல் டாக்டர் அடித்துப் பேசினார். தன் கதைக்கு முதலிடம் கிடைக்காத இன்சூரன்ஸ் ஏஜென்ட், கிழமையைக் கோள் என்று சொல்லி ஏமாற்றியது எந்த விதியில் வரும் என்று கேட்டார். தாங்கள்தான் ஏமாந்தோம், அவர் ஏமாற்றவில்லை என்று டீச்சர் அக்காவுக்காக நின்றார். தலைவர் இரண்டு கையாலும் எல்லோரையும் அமர்த்திவிட்டு அக்காவிடம் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கதையை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே போட்டுவிடலாம், படிக்கிறவர்கள் நிலா என்றே நினைத்துக்கொள்வார்கள், நடந்ததை நாமும் வெளியே சொல்ல வேண்டாம் என்றார்.

"கிழமை சேத்துப் போட முடியுமா சார்?" என்றாள் அக்கா.

"சேத்தா நிலா போயிடுமேம்மா. அப்புறம் இந்தப் புத்தகத்துல இடம் இருக்காது."

அக்கா கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே ஏணி மட்டும்தான் இருந்தது.

"போகட்டும் சார்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர வலித்தது. படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் வலித்தது. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் தானாகக் கையை விடுவது அவள் பிறவிக் குணத்திலேயே கிடையாது.

வீட்டுக்காரர் நூலக வாசலில், வண்டி நிறுத்துமிடத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார். ஏணியை மேலேயே விட்டுவிட்டு வந்ததுகூட அவருக்கு நினைவில்லை. அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். அவளும் உட்கார்ந்தாள். புத்தகத்தில் கதை வராது என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். வெயிலில் வண்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இன்னொரு தடவ படி" என்றார்.

"எதைங்க?"

"கதைய. மொதல்லேர்ந்து."

அக்கா தாளைப் பிரித்தாள். இந்தத் தடவை வெட்டிய கிழமைகளையெல்லாம் வாயால் சேர்த்துக்கொண்டே வாசித்தாள். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று மெதுவாகப் போனாள். இஞ்சினில் எங்கேயோ வருகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாரே, அப்படிக் கேட்டார். கண் திறக்கக் கூடாத இடம் வந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையில் கதை முடிந்தது.

"புதன்கிழமைய விட்டுட்டியே."

"இடம் பத்தலைங்க. அன்னைக்கு ஒண்ணும் நடக்கவும் நடக்காது. அதான் அதைத் தூக்கிட்டேன்."

"எனக்கும் ஒண்ணும் நடக்காது" என்றார். பிறகு அவராகவே, கேட்காமலே, பேசினார். அவர் இப்படித் தொடர்ச்சியாகப் பேசி அவள் கேட்டதில்லை. "சரக்க எறக்கிட்டு, திரும்பற லோடு வர்ற வரைக்கும் அங்கயே ஒக்காந்திருப்பேன். ஒரு கொடவுன், ஒரு கேட்டு, பெரிய மைதானம். அவ்வளவுதான். போறப்ப போறோம்னு இருக்கும், வர்றப்ப வர்றோம்னு இருக்கும். அங்க ஒண்ணும் இருக்காது. இருக்கறதுலயே ரொம்பத் தூரம் அதுதான்."

அக்கா தாளைப் பின்பக்கம் திருப்பினாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை என்று எழுதிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அங்கேயிருந்து என்னங்க தெரியும்?"

அவர் எதிரே நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"எல்லாந்தான் தெரியும்" என்றார். "நீதான் தெரிய மாட்டே."